ஆய்வுக்கூடமும் ஆலையும்: ஹெர்பர்ட் போயர் கட்டிய பாலம்

அறிவியல் வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் இருவகை மனிதர்களைச் சந்திக்கின்றனர். உண்மையைத் தேடி ஆய்வுக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர் ஒரு வகையினர். கண்டறிந்த உண்மையைப் பண்டமாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்து பொருளீட்டியவர் மற்றொரு வகையினர். முன்னவரைப் போற்றுவதும் பின்னவரை ஐயத்தோடு நோக்குவதும் நம்மிடையே ஊறிப்போன வழக்கம். கல்வியை விற்பனைப் பொருளாக்கலாகாது என்று கருதி வந்த மரபு நம் மரபு. ஆதலால் இவ்வழக்கம் வியப்புக்குரியதன்று.

ஆயினும் ஒரு நோயாளியின் பக்கம் நின்று நோக்கினால் இச்சிக்கலின் மறுபக்கமும் புலப்படும். ஏட்டிலே எழுதப்பெற்ற உண்மை எவருடைய நோயையும் தீர்ப்பதில்லை. அது மருந்தாக வேண்டும். மருந்து பெருமளவில் உருவாக வேண்டும். உருவானது நோயாளியின் கைக்கு எட்ட வேண்டும். இத்தொலைவைக் கடப்பதற்கு ஒரு பாலம் தேவை. அத்தகைய பாலம் ஒன்றைக் கட்டி, அதன் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் நின்ற உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் ஹெர்பர்ட் போயர். அவர் பெற்ற புகழையும் அவர் மீது எழுந்த பழியையும் சேர்த்தே காண்பதுதான் வரலாற்றுக்கு அழகு.

விலங்கின் கணையமும் மனிதனின் உயிரும்

போயரின் பணி எத்துணைப் பெரியது என்பதை உணர, அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்து தொடங்குதல் வேண்டும். நம் வட்டாரத்தில் இனிப்புநீர் என்று வழங்கும் நீரிழிவு நோய், 1921ஆம் ஆண்டுக்கு முன்னர், குறிப்பாகச் சிறுவர்களைப் பற்றியபோது, ஏறக்குறைய மரணத் தீர்ப்பாகவே இருந்தது. அவ்வாண்டில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பாண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் நாயின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். ஜேம்ஸ் காலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922ஆம் ஆண்டு சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அச்சாறு ஊசிவழிச் செலுத்தப்பட்டது. இறப்பை எதிர்நோக்கியிருந்த அச்சிறுவன் பிழைத்தான். இன்சுலின் என்னும் மருந்தின் வரலாறு இவ்வாறு தொடங்கியது.

அம்மூவரும் தங்கள் காப்புரிமையை 1923இல் பல்கலைக்கழகத்திற்கு விற்றனர். விலை, ஆளுக்கு ஒரே ஒரு வெள்ளி! உயிர்காக்கும் மருந்தில் தனியொருவர் இலாபம் தேடலாகாது என்பது அவர்கள் கொண்ட கொள்கை. இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்; இக்கட்டுரையின் பிற்பகுதியில் இதனை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

காப்புரிமை ஒரு வெள்ளிக்குக் கிடைத்தாலும் மூலப்பொருள் அவ்வாறு கிடைக்கவில்லை. இறைச்சிக் கூடங்களில் வெட்டப்படும் பன்றிகளின் கணையமும் மாடுகளின் கணையமும்தான் இன்சுலினுக்கு ஊற்றாக இருந்தன. 8 அவுன்ஸ் தூய இன்சுலினைப் பிரித்தெடுக்க 2 டன்னுக்கும் மேற்பட்ட விலங்குறுப்புகள் தேவைப்பட்டன. நோயாளிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, கணையங்கள் ஒரு நாள் போதாமற் போய்விடுமோ என்னும் அச்சம் 1970களில் எழுந்தது.

மற்றுமொரு குறையும் இருந்தது. மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். பன்றியின் இன்சுலின் இதனின்று ஓரிடத்தில் வேறுபடும். மாட்டின் இன்சுலின் மூன்று இடங்களில் வேறுபடும். இச்சிறு வேறுபாடும் விலங்குச் சாற்றில் கலந்திருந்த மாசுகளும் சிலருடைய உடலில் ஒவ்வாமையைத் தோற்றுவித்தன. பன்றி விலக்கப்பட்டதாகக் கருதும் இசுலாமியரும், பசுவைப் புனிதமாகக் கருதும் இந்துக்களும் அருகருகே வாழும் நம்மைப் போன்ற நாடுகளில் உடலின் ஒவ்வாமையோடு உள்ளத்தின் ஒவ்வாமையும் சேர்ந்து கொண்டது. உயிரைக் காக்க வேறு வழியில்லை என்று ஏற்றுக்கொண்டோர் பலர். ஆயினும் அவர்கள் மனம் உவந்து ஏற்றார்கள் என்று சொல்ல இயலாது.

இரயில் ஊரிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

ஹெர்பர்ட் போயர் 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அவர் வளர்ந்த டெர்ரி என்னும் சிற்றூர் நிலக்கரியையும் இரயில் பாதையையும் நம்பி வாழ்ந்த ஊர். தந்தையும் சுரங்கத்திலும் இரயில்வேயிலும் உழைத்தவரே. பள்ளி நாட்களில் போயரின் நாட்டமெல்லாம் காற்பந்தாட்டத்தில்தான் இருந்தது. அவருடைய பயிற்றுநரே அப்பள்ளியில் அறிவியலும் கற்பித்தார். அந்த ஆசிரியரின் வாயிலாகவே போயர் அறிவியலின்பால் ஈர்க்கப்பட்டார். ஒரு சிற்றூர்ப் பள்ளியாசிரியரின் பணி எத்துணைத் தொலைவு சென்று சேரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற போயர், 1963இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் ஆய்வு செய்து, 1966இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் துணைப் பேராசிரியராகச் சேர்ந்தார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் கண்டறிந்த வாட்சன், கிரிக் என்னும் இருவரின் பெயர்களைத் தம்முடைய இரு பூனைகளுக்குச் சூட்டியிருந்தார் என்றால், அவருடைய உள்ளம் எதில் தோய்ந்திருந்தது என்பதை நாம் அறியலாம்.

மாலைமாற்றும் மரபணுவும்

பாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகளையும் வைரசுகள் தாக்குவதுண்டு. அவ்வாறு நுழையும் அயல் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டி அழிக்கும் நொதிகளை நுண்ணுயிரிகள் தம் காவலுக்கு வைத்துள்ளன. போயரின் ஆய்வுக்கூடம் இத்தகைய நொதிகளை ஆராய்ந்தது. ஈ கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவிலிருந்து அக்கூடத்தில் பிரித்தெடுக்கப்பட்ட நொதிக்கு எக்கோ ஆர் ஒன் என்று பெயர்.

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஓலை எனக் கொள்வோம். அது இரண்டு இழைகளால் ஆனது. ஓர் இழையில் ஏ நின்றால் எதிர் இழையில் டி நிற்கும். ஜி நின்றால் சி நிற்கும். எக்கோ ஆர் ஒன் என்னும் நொதி அவ்வோலை முழுவதும் தேடி, ஜி, ஏ, ஏ, டி, டி, சி என்னும் ஆறெழுத்துத் தொடர் வருமிடத்தில் மட்டும் வெட்டும். இத்தொடரின் எதிர் இழையை எதிர்த்திசையில் படித்தாலும் அதே ஆறெழுத்துகளே வரும். தமிழ் யாப்பு பயின்றவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்று என்னும் சித்திரகவியை நாம் அறிவோம். ‘விகடகவி’ என்னும் சொல்லே அதற்குச் சிறு எடுத்துக்காட்டு. இயற்கை தன் ஓலையில் வரைந்த மாலைமாற்றுகளுள் ஒன்றைத் தேடி வெட்டும் கத்தரியாக இந்நொதி விளங்கியது.

அது வெட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு இழைகளையும் நேர்க்கோட்டில் வெட்டாமல் சற்றுத் தள்ளித் தள்ளி வெட்டும். ஆதலால் வெட்டப்பட்ட ஒவ்வொரு துண்டின் முனையிலும் நான்கெழுத்து நீளமுள்ள ஒற்றையிழை நீட்டிக்கொண்டு நிற்கும். இம்முனைகள் ஒன்றையொன்று நாடி ஒட்டிக்கொள்ளும் தன்மையன. தவளையின் டி.என்.ஏ.வையும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் ஒரே கத்தரியால் வெட்டினால், அவ்விரண்டின் முனைகளும் தம்முள் பொருந்தும். போயரிடமிருந்து பெற்ற நொதியைக் கொண்டு இந்த ஒட்டும் முனைகளின் இயல்பை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1972இல் வெளிப்படுத்தினர்.

ஹொனலுலுவில் ஒரு சந்திப்பு

கத்தரி கிடைத்துவிட்டது. வெட்டி ஒட்டிய துண்டை உயிருள்ள பாக்டீரியாவுக்குள் கொண்டு சேர்க்க ஒரு வண்டி வேண்டுமே! அவ்வண்டியை ஆராய்ந்து கொண்டிருந்தவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியரான ஸ்டேன்லி கோஹென். பாக்டீரியாவுக்குள் தனித்து இயங்கும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் அவருடைய ஆய்வுப் பொருள்.

1972ஆம் ஆண்டு நவம்பரில் ஹவாய்த் தீவின் ஹொனலுலு நகரில் பிளாஸ்மிட்டுகளைப் பற்றிய அமெரிக்க–சப்பானியக் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. போயரும் கோஹெனும் அங்குச் சந்தித்தனர். ஓரிரவு வைக்கிக்கி கடற்கரைக்கு அருகில் ஒரு சிற்றுண்டிக் கடையில் அமர்ந்து உரையாடியபோது, ஒருவரிடம் உள்ள கத்தரியும் மற்றவரிடம் உள்ள வண்டியும் ஒன்றுக்கொன்று துணை என்பதை இருவரும் உணர்ந்தனர். கூட்டாய்வுக்கு அங்கேயே வித்திடப்பட்டது.

இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. கோஹெனின் ஆய்வுத் துணைவர் ஆன்னி சாங், சான் பிரான்சிஸ்கோவில் குடியிருந்தமையால் ஆய்வுப் பொருள்களைத் தம் காரிலேயே இருபுறமும் கொண்டு சென்றார். 1973ஆம் ஆண்டின் இளவேனிலில் ஆய்வு வெற்றி கண்டது. ஒரு பிளாஸ்மிட்டில் வேறொன்றின் மரபணுவை ஒட்டிப் பாக்டீரியாவுக்குள் செலுத்தியபோது, பாக்டீரியா அதனைத் தன்னுடையதாகவே ஏற்றுப் பெருக்கியது. அடுத்த ஆண்டில் ஒருவகை ஆப்பிரிக்கத் தவளையின் மரபணுவும் அவ்வாறே பாக்டீரியாவுக்குள் குடியேறியது. இனத்திற்கும் இனத்திற்கும் இடையே இயற்கை எழுப்பியிருந்த மதிலில் மனிதன் ஒரு வாயிலைத் திறந்து விட்டான்.

அறிவியலின் அச்சம்

திறந்த வாயில் வழியே எது நுழையும் என்பதை எவரும் அறியார். முதலில் அஞ்சியவர்களும் அறிவியலறிஞர்களே என்பது அவர்களுக்குப் பெருமை தரும் செய்தி. 1974ஆம் ஆண்டு சூலையில் பால் பெர்க் தலைமையிலான அறிஞர் குழு, இடர்மிக்க சில ஆய்வுகளை எல்லாரும் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு வெளிப்படையாக வேண்டிக் கொண்டது. அவ்வேண்டுகோளில் கோஹெனும் போயரும் கையொப்பமிட்டிருந்தனர். தாங்கள் பெற்றெடுத்த குழந்தைக்குத் தாங்களே கடிவாளமிட அவர்கள் தயங்கவில்லை.

1975ஆம் ஆண்டு பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஆசிலோமர் என்னுமிடத்தில் ஏறத்தாழ 150 பேர் கூடி, எந்த ஆய்வை எத்தகைய காவலோடு செய்யலாம் என வரையறுத்தனர். 1976ஆம் ஆண்டு சூனில் அமெரிக்க அரசின் தேசிய நலக் கழகங்கள் முறையான விதிகளை வெளியிட்டன. அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அமைந்துள்ள கேம்பிரிட்ஜ் நகரின் மன்றம், இத்தகைய ஆய்வுகளைத் தன் எல்லைக்குள் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. ஆய்வுக்கூடத்தின் செய்தி நகர மன்றத்தின் விவாதமானது.

ஐந்நூறு வெள்ளிக் கூட்டாளிகள்

இச்சூழலில்தான் 1976ஆம் ஆண்டு சனவரியில் ராபர்ட் சுவான்சன் என்னும் 28 வயது இளைஞர் போயரைத் தேடி வந்தார். அவர் வேதியியலும் நிர்வாகவியலும் பயின்றவர். புதிய தொழில்களுக்கு முதலீடு திரட்டும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். மரபணு ஒட்டுமுறையைத் தொழிலாக்க முடியுமா என்று அறிஞர் பலரிடம் அவர் வினவியிருந்தார். அதற்குப் பல்லாண்டுகள் ஆகும் என்பதே பலரும் தந்த மறுமொழி. போயர் மட்டும் அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார். அப்பத்து நிமிடம் மூன்று மணி நேரமாக நீண்டது.

இருவரும் ஆளுக்கு 500 அமெரிக்க வெள்ளி போட்டுக் கூட்டாளிகளாயினர். அந்த 500 வெள்ளியைக்கூடப் போயர் கடனாகவே பெற்றார். தங்கள் இருவரின் பெயரையும் இணைத்து ‘ஹெர்பாப்’ என்று நிறுவனத்திற்குப் பெயரிடலாம் என்றார் சுவான்சன். போயர் அதனை ஏற்காமல், மரபணுப் பொறியியல் தொழில்நுட்பம் என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி ‘ஜெனென்டெக்’ என்று பெயரிட்டார். 1976 ஏப்ரல் 7ஆம் நாள் அந்நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றது. போயர் தம் பேராசிரியர் பதவியை விடவில்லை. நிறுவனத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். பாலத்தின் இரு கரைகளிலும் ஒருவரே நின்ற நிலை இது.

சோதனை ஓட்டமும் பெருவெற்றியும்

சுவான்சனின் நோக்கமெல்லாம் இன்சுலினை உடனே உருவாக்குவதில் இருந்தது. போயரோ முதலில் ஒரு சிறிய புரதத்தில் முறையைச் சோதிக்க வேண்டும் என்றார். அவர் தேர்ந்தது சோமட்டோஸ்டேட்டின் என்னும் மூளைச் சுரப்பு. அதில் 14 அமினோ அமிலங்களே உண்டு. முதன்முதலில் அதனை 5 மில்லிகிராம் அளவு பிரித்தெடுக்க ஏறத்தாழ 5 இலட்சம் ஆட்டு மூளைகள் தேவைப்பட்டன என்பர்.

கலிபோர்னியாவின் சிட்டி ஆப் ஹோப் மருத்துவ மையத்தில் பணியாற்றிய ஆர்தர் ரிக்ஸ், கெய்ச்சி இட்டாக்குரா ஆகிய இருவரும் இம்முயற்சியில் கை கோத்தனர். உயிரினத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பதை விடுத்து, அதன் எழுத்துகளை வேதியியல் முறையில் ஒவ்வொன்றாகக் கோத்துச் செயற்கையாகவே மரபணுவைக் கட்டினர். 1977இல் பாக்டீரியாவுக்குள் அம்மரபணு இயங்கி, மனிதச் சுரப்பை உருவாக்கியது. அயல் மரபணுவின் ஆணைப்படி ஒரு பாக்டீரியா மனிதனுக்குப் பயன்படும் புரதத்தை உருவாக்கியது வரலாற்றில் அதுவே முதன்முறை.

அதன் பின்னர் இன்சுலினுக்கான போட்டி சூடு பிடித்தது. ஹார்வர்டில் வால்ட்டர் கில்பர்ட்டின் குழு ஒருபுறம். போயரின் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே அவருடைய சக பேராசிரியர்களின் குழு மற்றொருபுறம். அவர்கள் இயற்கை மரபணுவைக் கையாண்டமையால் அரசின் கடுமையான காவல் விதிகளுக்கு உட்பட வேண்டியிருந்தது. செயற்கை மரபணுவைக் கொண்டிருந்த ஜெனென்டெக் குழுவுக்கு அத்தடை குறைவு. டேவிட் கோடல், டென்னிஸ் கிளெய்டு முதலிய இளைஞர்கள் இரவு பகல் பாராது உழைத்தனர். இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனிப் பாக்டீரியாக்களில் உருவாக்கிப் பின்னர் இணைத்தனர். 1978 ஆகஸ்டு மாத இறுதியில் வெற்றி கிட்டியது. செப்டம்பர் 6ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

எலி லில்லி என்னும் மருந்து நிறுவனம் உரிமம் பெற்று, பேரளவு உற்பத்தியில் இறங்கியது. 1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஹியுமுலின் என்னும் பெயருடைய அம்மருந்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மரபணு ஒட்டுமுறையால் உருவாகி மனிதர்க்கு வழங்கப்பட்ட முதல் மருந்து அதுவே. பன்றியும் பசுவும் அல்லாத, மனித உடலில் சுரப்பதை முற்றிலும் ஒத்த இன்சுலின் கிடைத்தது. கணையம் போதாமற் போகும் என்னும் அச்சம் நீங்கியது. ஹொனலுலுச் சந்திப்பிலிருந்து மருந்துக் கடை வரை வந்துசேரப் பத்தே ஆண்டுகள் ஆயின. போயர் கட்டிய பாலத்தின் வலிமை இது.

பழியும் செல்வமும்

ஆயினும் அப்பாலத்தைக் கட்டியவருக்கு அமைதி கிட்டவில்லை. தொடக்கத்தில் ஜெனென்டெக்குக்குத் தனி ஆய்வுக்கூடம் இல்லை. பல்கலைக்கழகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி போயரின் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே சில பணிகள் நடைபெற்றன. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கூடத்தில் தனியார் இலாபத்துக்கு இடமுண்டா என்று சக பேராசிரியர்கள் கண்டித்தனர். ஆய்வுக்கூடங்களுக்கிடையே தாராளமாக நடந்து வந்த கருத்துப் பரிமாற்றம் குன்றி, ஒவ்வொருவரும் தத்தம் குறிப்பேட்டை மூடி வைக்கும் நிலை வந்துவிடும் என்று வருந்தினர். போயர் இக்கண்டனங்களால் உள்ளம் நொந்து தளர்ந்தார். 1978இல் நிறுவனம் தெற்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சரக்குக் கிடங்கைத் தன் கூடமாக்கிக்கொண்டு விலகிச் சென்றது.

சக பேராசிரியர்களின் வருத்தத்தைப் பொறாமை என்று ஒதுக்கிவிடலாகாது. மனித வளர்ச்சிச் சுரப்பின் மரபணுவைப் பற்றிய காப்புரிமையை மீறியதாக ஜெனென்டெக் மீது அதே பல்கலைக்கழகம் 1990இல் வழக்குத் தொடுத்தது. 1999இல் அந்நிறுவனம் 20 கோடி வெள்ளி தர உடன்பட்டு வழக்கு முடிவுற்றது. மறுபுறம், போயரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளை ஆய்விதழ்களில் வெளியிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காப்புரிமைக்கு விண்ணப்பித்தபின் கட்டுரையாக வெளியிடலாம் என்னும் வழக்கத்தை அங்கு ஏற்படுத்தினார். பல்கலைக்கழகத்தின் நற்பண்பு ஒன்றை ஆலைக்குள் அவர் கொண்டு சேர்த்தார் எனலாம்.

1980ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. சூன் மாதத்தில், வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் சிதைக்கும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை வழங்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அக்டோபர் 14ஆம் நாள் ஜெனென்டெக்கின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 35 வெள்ளிக்கு விற்கத் தொடங்கிய பங்கு சிறிது நேரத்தில் 88 வெள்ளியை எட்டியது. கடன் வாங்கி 500 வெள்ளி போட்ட போயரின் பங்குகள் அன்று 6 கோடி வெள்ளிக்கு மேல் மதிப்புப் பெற்றன. டிசம்பர் 2ஆம் நாள் கோஹென்–போயர் ஒட்டுமுறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அம்முறையை எந்த நிறுவனமும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் திறந்து வைத்தது. 1997இல் காப்புரிமை முடிவதற்குள் இரு பல்கலைக்கழகங்களுக்கும் ஏறத்தாழ 25 கோடியே 50 இலட்சம் வெள்ளி வந்து சேர்ந்தது.

அவ்வாண்டின் வேதியியல் நோபெல் பரிசு பெர்க், கில்பர்ட், சாங்கர் ஆகியோருக்குச் சென்றது. போயருக்கும் கோஹெனுக்கும் அப்பரிசு கிட்டவில்லை. எனினும் அதே 1980இல் லாஸ்கர் விருதும், பின்னாளில் அமெரிக்க அரசின் தேசியப் பதக்கங்களும் அவர்களைச் சிறப்பித்தன. போயர் 1991 வரை பேராசிரியராகப் பணியாற்றினார். தாம் இளமையில் ஆய்வு செய்த யேல் பல்கலைக்கழகத்துக்கு அவரும் அவர் மனைவியும் ஒரு கோடி வெள்ளி நன்கொடை வழங்கினர்.

ஒரு வெள்ளியும் 275 வெள்ளியும்

இப்பொழுது டொராண்டோவின் ஒரு வெள்ளிக் கதைக்குத் திரும்புவோம். மரபணு ஒட்டுமுறை வந்தபின் இன்சுலின் உற்பத்திக்குக் கணையத் தட்டுப்பாடு இல்லை. பெரிய கலன்களில் பாக்டீரியா பெருகப் பெருக இன்சுலினும் பெருகும். பண்டம் பெருகினால் விலை குறைய வேண்டும் என்பது பொதுவிதி. அமெரிக்காவில் நிகழ்ந்ததோ மாறானது. ஒட்டுமுறையில் உருவாகும் இன்சுலின் வகைகளுள் ஒன்று 1996இல் ஒரு குப்பி 21 வெள்ளிக்கு விற்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதன் பட்டியல் விலை 275 வெள்ளியை எட்டிவிட்டது. விலை தாளாது மருந்தைப் பங்கிட்டு, குறைந்த அளவில் செலுத்திக்கொண்டோர் அச்செல்வ நாட்டிலேயே உண்டு. மக்களின் குரல் ஓங்கியபின், 2023இல் மூத்த குடிமக்களின் அரசுக் காப்புறுதியில் மாதத்திற்கு 35 வெள்ளி என்னும் உச்சவரம்பு வந்தது. அதே ஆண்டில் உற்பத்தி நிறுவனங்களும் விலையைக் குறைக்க முன்வந்தன.

இதற்குப் போயர் ஒருவரைக் குற்றம் சாட்டுவது நேர்மையன்று. விலையை வைத்தவர் அவரல்லர்; அவருடைய பணியின்றி இன்சுலின் இன்று இத்துணைக் கோடி மக்களுக்கு எட்டியிருக்கவும் முடியாது. ஆயினும் பாலத்தைக் கடக்க எவ்வளவு சுங்கம் வாங்கலாம் என்னும் வினாவைப் பாண்டிங் காலத்தில் அறிவியலாரே தம் மனச்சான்றால் தீர்த்துக்கொண்டனர். போயர் காலத்துக்குப் பின் அது சந்தையின் கைக்குச் சென்றுவிட்டது. இம்மாற்றத்தை நாம் கண்டுகொள்ள வேண்டும்.

தொடரும் வினா

போயரின் கத்தரி, ஆய்வுக்குழாயில் தனித்துக் கிடந்த டி.என்.ஏ.வை வெட்டியது. அதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின் உயிருள்ள செல்லுக்குள்ளேயே சென்று, மரபணுத் தொகுதி முழுவதும் தேடி, நாம் விரும்பும் இடத்தை மட்டும் வெட்டும் கருவி கிடைத்தது. ஜெனிபர் டௌட்னா, இம்மானுவேல் சார்ப்பென்டியே ஆகிய இரு பெண்மணிகள் 2012இல் வெளியிட்ட கிரிஸ்பர் முறையே அது. இருவரும் 2020இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். உயிர்வேதியியலாளரான டௌட்னா, 2009இல் போயர் நிறுவிய அதே ஜெனென்டெக்கில் உயர்பதவி ஏற்று, இரண்டே மாதங்களில் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பியவர். பின்னர்த் தாமே நிறுவனங்கள் தோன்றத் துணை நின்றவர். போயர் தொடங்கி வைத்த இருகரை வாழ்வு அடுத்த தலைமுறைக்கு இயல்பாகிவிட்டதை இதிலிருந்து உணரலாம்.

கிரிஸ்பர் முறையில் உருவான முதல் சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அது அரிவாள்செல் சோகைக்கும் தலசீமியாவுக்கும் உரிய சிகிச்சை. தலசீமியா மலேசிய மக்கள் நன்கறிந்த நோய். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளும் அவர்களோடு மருத்துவமனைக்கு அலையும் பெற்றோரும் நம் நாட்டில் உண்டு. அச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 இலட்சம் அமெரிக்க வெள்ளி. ஓர் ஆசிரியர் தம் வாழ்நாள் ஊதியம் முழுவதையும் சேர்த்து வைத்தாலும் எட்ட முடியாத தொகை இது. மருந்து பிறந்துவிட்டது, நோயாளியின் கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

போயரின் வரலாறு மாணவர்க்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஆய்வு உண்மையை ஆலைக்குக் கொண்டு செல்வது இழிவன்று. அவ்வாறு கொண்டு சென்றதனாலேயே பாக்டீரியாவில் பிறந்த இன்சுலின் உலகெங்கும் நோயாளிகளைக் காத்து வருகிறது. இது முதற்பாடம். ஆலைக்குச் சென்ற அறிவு அங்கேயே தங்கிவிடவும் கூடும். அதனை மக்களிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பை அறிவியலார் மட்டும் சுமக்க இயலாது. சட்டம் இயற்றுவோரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களும் சேர்ந்தே சுமத்தல் வேண்டும். இது இரண்டாம் பாடம்.

நம் வகுப்பறைகளில் இன்று உயிரியல் பயிலும் மாணவர்களுள் சிலர் நாளை மரபணுத் தொகுதியைத் திருத்தும் பணிக்குச் செல்லக்கூடும். வேறு சிலர் சட்டம் பயில்வர். சிலர் வணிகம் பயில்வர். எத்துறைக்குச் சென்றாலும், காப்புரிமையை ஒரு வெள்ளிக்கு விற்ற மூவரையும், 500 வெள்ளியைக் கடன்பெற்றுப் பாலம் கட்டிய ஒருவரையும் அவர்கள் சேர்த்தே நினைவிற் கொள்வார்களாக. அருளும் முயற்சியும் ஒருங்கே அமையும் நாளில்தான் மருந்து உண்மையில் மருந்தாகும்.